புழுதிக் கிண்ணம்: ஒரு நிலம் பாலையான வரலாறு

முல்லை நிலமும் குறிஞ்சி நிலமும் கோடையின் கொடுமையால் வளங்குன்றும்போது கொள்ளும் வடிவமே பாலை என விளக்குவார் இளங்கோவடிகள். அவ்வாறு விளக்குமிடத்து, முறைதவறிய ஆட்சியாற் சீரழிந்த நாட்டையே அவர் உவமையாகக் கொள்கின்றார் என்பது கவனிக்கத்தக்கது. பாலை நிலத்தின் பிறவிக்குணமன்று, நிலத்துக்கு நேர்வது. நேர்வது எதுவாயினும் அதற்கொரு வரலாறு உண்டு. வரலாறு உண்டெனில் அதிற் பங்குகொண்ட மனிதரும், அம்மனிதரை இயக்கிய சமூக உறவுகளும் உண்டு.

இக்கருத்தை மனங்கொண்டு, 1930களில் ஐக்கிய அமெரிக்காவின் தென் பெருஞ்சமவெளியில் ஏற்பட்ட பேரழிவை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒக்லகோமா, டெக்சாஸ் ஆகிய மாநிலங்களின் ஒடுங்கிய வடமேற்குப் பகுதிகள், கன்சாஸின் தென்மேற்கு, கொலராடோவின் தென்கிழக்கு, நியூ மெக்சிக்கோவின் வடகிழக்கு ஆகியன சந்திக்கும் இடத்தை மையமாகக் கொண்டு ஏறத்தாழ பத்துக் கோடி ஏக்கர் நிலம் அப்போது பாதிக்கப்பட்டது. 'புழுதிக் கிண்ணம்' என்ற பெயர் அந்நிலப்பரப்புக்கும் அக்காலத்துக்கும் ஒருங்கே உரியதாயிற்று. மழை பொய்த்தது, காற்று வீசியது, மண் பறந்தது. சாதாரணமாகக் கூறப்படும் கதை இதுவே. இதில் மழை பொய்த்தமை இயற்கையின்பாற்பட்டது. ஆயின், பறப்பதற்கு மண் ஆயத்தமாயிருந்தமை இயற்கையின்பாற்பட்டதா என்பதே நாம் எழுப்பவேண்டிய வினாவாகும்.

1. புல்லும் அதன் மக்களும்

ரொக்கி மலைத்தொடரின் மழைமறைவிற் கிடக்கும் இச்சமவெளியின் தென்பகுதியில் ஆண்டு மழைவீழ்ச்சி பொதுவாக 20 அங்குலத்துக்கும் குறைவானதாகும். அதுவும் ஆண்டுக்காண்டு பெரிதும் வேறுபடும். தொடர்ச்சியான வறட்சி ஆண்டுகளும் கடுங்காற்றும் இப்பிரதேசத்துக்குப் புதியனவல்ல. இருப்பினும், குட்டையான புல்வகைகள் தம் அடர்ந்த வேர்களால் மண்ணைப் பிணைத்து நின்றன. மேற்புறம் கருகியபோதும் வேர் உயிரோடிருந்தது. மழை மீண்டதும் புல் மீண்டது. வறட்சியைத் தாங்குதற்கென்றே நீண்டகாலமாக உருவான பாதுகாப்பு இதுவெனலாம்.

1820இல் ஸ்ரீபன் லோங் என்பாரின் தலைமையிற் சென்ற ஆய்வுக்குழு இப்பிரதேசத்தைப் 'பெரும் அமெரிக்கப் பாலைவனம்' எனக் குறித்தது. ஆனால் கொமாஞ்சி, கயோவா, செயென் முதலிய ஆதிக்குடிகளுக்கு அது பாலைவனமாகத் தோன்றவில்லை. புல்லை மேய்ந்த பைசன் மந்தைகளைப் பின்தொடர்ந்து வேட்டையாடி அவர்கள் வாழ்ந்தனர். 1870களில் தோல் வாணிகத்தின் பொருட்டு அம்மந்தைகள் பெருமளவிற் கொன்றொழிக்கப்பட்டன. 1874-75ஆம் ஆண்டுப் போரின் பின்னர் எஞ்சிய மக்கள் ஒதுக்கிடங்களுக்குள் அடைக்கப்பட்டனர். ஆகவே, இந்நிலத்தின் முதலாவது அகதிகள் 1930களைச் சேர்ந்தவரல்லர். 'புழுதிக் கிண்ண'த்தின் கதையைக் கூறும் பலர் இந்த முதலாம் அத்தியாயத்தை விட்டுவிடுகின்றனர்.

பைசன் போன இடத்தில் மாட்டுப்பண்ணைக் கம்பனிகள் வந்தன. அவற்றுட் சில பிரித்தானிய மூலதனத்தால் நடாத்தப்பட்டவை. நிலம் தாங்கக்கூடிய அளவுக்கு மேலாக மாடுகள் மேய விடப்பட்டன. 1886-87ஆம் ஆண்டு மாரியின் கடுங்குளிரிற் பெருந்தொகையான மாடுகள் மடிய, கம்பனிகள் பல முறிந்தன. நிலத்தின் எல்லையை மீறி இலாபம் ஈட்டமுயன்று தோற்ற முதல் அனுபவம் இது. அதிலிருந்து எவரும் பாடம் கற்றனர் என்பதற்குச் சான்றில்லை.

2. கலப்பையின் முன்னேற்றம்

1862ஆம் ஆண்டின் குடியேற்றக் காணிச் சட்டம், ஐந்தாண்டுகள் வசித்துப் பயிர்செய்யும் குடும்பத்துக்கு 160 ஏக்கர் நிலத்தை வழங்கியது. மழைவளம் மிக்க கிழக்கிலே ஒரு குடும்பம் வாழப் போதுமான அளவு அது. வறண்ட மேற்கிலோ அது பட்டினிக்கு விடுக்கப்பட்ட அழைப்பு. இதனை ஜோன் வெஸ்லி பவல் 1878இல் வெளியிட்ட அறிக்கையிலே தெளிவாக எடுத்துக்காட்டினார். 20 அங்குலத்துக்குக் குறைந்த மழை பெறும் நிலத்தில் நீர்ப்பாசனமின்றிப் பயிர்ச்செய்கை நிலைக்காதெனவும், மேய்ச்சற் பண்ணையாயின் ஒரு குடும்பத்துக்கு 2560 ஏக்கர் வேண்டுமெனவும் அவர் கூறினார். நீரைப் பொதுவிற் பகிர்ந்துகொள்ளும் கூட்டமைப்புகளையும் அவர் பரிந்துரைத்தார். நிலத்தைச் சதுரங்களாகக் கூறுபோட்டு விற்பதில் நாட்டம் கொண்டிருந்த நலன்கள் இவற்றைச் செவிமடுக்கவில்லை.

மாறாக, உழவு நடக்குமிடத்துக்கு மழை தானே வந்துசேரும் என்றதொரு கொள்கை அக்காலத்திற் பரப்பப்பட்டது. அதற்கு விஞ்ஞானத்தின் சாயலும் பூசப்பட்டது. புகையிரதக் கம்பனிகளும் காணித் தரகர்களும் இக்கொள்கையை விளம்பரப்படுத்தினர். 1890களின் வறட்சி அதனைப் பொய்யாக்கியது. கன்சாஸ் முதலிய இடங்களிலிருந்து குடியேறியோர் பலர் திரும்பினர். எனினும் மழை மீண்டதும் குடியேற்றமும் மீண்டது. 1909ஆம் ஆண்டுச் சட்டம் காணியின் அளவை 320 ஏக்கராக உயர்த்தியது. 1916இல் மந்தை வளர்ப்புக்கென 640 ஏக்கர் அனுமதிக்கப்பட்டது. இவ்வளவுகளும் பவல் கூறிய அளவுக்கு மிகக் குறைந்தனவே.

முதலாம் உலகப் போர் நிலைமையை முற்றாக மாற்றியது. தார்தனெல்சு நீரிணை மூடப்பட்டமையால் ருசியக் கோதுமை மேற்கைரோப்பாவை அடையவில்லை. ஐக்கிய அமெரிக்க அரசு 1917இல் கோதுமைக்குப் புசல் ஒன்றுக்கு இரண்டு டொலருக்கு மேற்பட்ட விலையை உறுதிசெய்தது. கோதுமை போரை வெல்லுமென்ற சுலோகத்தோடு புல்வெளி உழப்பட்டது. போர் முடிந்தபின் விலை சரிந்தது. ஆனால் உழவு நிற்கவில்லை, பெருகியது. 1920களின் பிற்பாதியில் மாத்திரம் தென் சமவெளியில் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் ஏக்கர் புதிய நிலம் உழவுக்குட்பட்டது.

விலை வீழும்போது உற்பத்தி பெருகியது எங்ஙனம்? இந்த முரண்பாட்டிலேயே நமது வினாவுக்கான விடையின் பெரும்பகுதி அடங்கியுள்ளது. கமக்காரன் தன் உழவு யந்திரத்தையும் அறுவடை யந்திரத்தையும் கடனுக்கே வாங்கினான். தவணைப் பணமும் வட்டியும் காணிவரியும் விலையோடு சேர்ந்து குறைவனவல்ல. ஒரு புசலுக்குக் கிடைப்பது பாதியானால், அதே கடனை இறுக்க இருமடங்கு விளைவிக்க வேண்டும். இருமடங்கு விளைவிக்க இருமடங்கு நிலத்தை உழவேண்டும். ஒவ்வொருவரும் அவ்வாறே செய்யச் சந்தையிற் கோதுமை குவிந்து விலை மேலும் வீழ்ந்தது. தனிமனிதருக்கு விவேகமான செயல் அனைவருக்கும் அழிவாக முடிந்தது. இதனை வெறும் பேராசை எனக் கூறுவது அறவுரையாகுமேயன்றி வரலாற்று விளக்கமாகாது.

பேராசையும் இல்லாமலில்லை. நகரத்து வணிகரும் உத்தியோகத்தரும் விதைப்புக்கும் அறுவடைக்கும் மாத்திரம் வந்துபோயினர். 'பயணப்பெட்டிக் கமக்காரர்' என உள்ளூரார் இவர்களை அழைத்தனர். விளைந்தால் இலாபம், விளையாவிடில் நிலத்தைக் கைவிட்டுச் செல்லல் என்பதே அவர்தம் முறை. அக்காலத்திற் பரவிய தட்டுக்கலப்பை விரைவாகவும் மலிவாகவும் உழுதது. ஆனால் மேல்மண்ணைத் துகளாக்கியது.

1931இல் விளைச்சல் என்றுமில்லாதவாறு பெருகியது. சமவெளியிற் கோதுமையின் விலையோ புசலுக்கு ஏறத்தாழ 25 சதமாக வீழ்ந்தது. உற்பத்திச் செலவும் தேறாமற் பலர் வயல்களை விதைக்காது விட்டனர். வேரும் பயிரும் அற்ற அந்த வெற்றுநிலத்தின் மீதே வறட்சி இறங்கியது.

3. புழுதியின் ஆண்டுகள்

1932இல் 14 புழுதிப்புயல்களும், 1933இல் 38 புயல்களும் பதிவாயின. 1934 மே மாதத்திற் பெருஞ்சமவெளியிலிருந்து எழுந்த புழுதி சிக்காகோவையும் நியூயோர்க்கையும் வாஷிங்டனையும் மூடி, அத்திலாந்திக் சமுத்திரத்திற் சென்ற கப்பல்களின் மேற்றளத்திலும் படிந்தது. அதன் நிறை முப்பத்தைந்து கோடி தொன் என மதிப்பிடப்பட்டது. 1935 ஏப்ரல் 14ஆம் நாள் எழுந்த புயல் பட்டப்பகலை இரவாக்கியமையால் அந்நாள் 'கறுப்பு ஞாயிறு' எனப் பெயர்பெற்றது. அப்புயலைப் பற்றிய செய்தியை எழுதிய றொபேட் கைகர் என்னும் பத்திரிகையாளரின் வாயிலாகவே 'புழுதிக் கிண்ணம்' என்னும் தொடர் வழக்கிற்கு வந்தது.

அன்றாட வாழ்வு எவ்வாறிருந்ததென்பதை அக்கால மக்களின் நினைவுகள் உணர்த்துகின்றன. ஈரத்துணிகளை யன்னல்களிலே தொங்கவிட்டனர். உணவு பரிமாறும் கணம்வரை கோப்பைகளைக் கவிழ்த்தே வைத்தனர். காற்றில் எழுந்த மின்னேற்றத்தால் மோட்டார் வண்டிகள் நின்றுபோகாதிருக்க அவற்றின் பின்னே சங்கிலிகளை இழுபட விட்டனர். வேலிகளைப் புழுதி மூடியது. மாடுகள் நுரையீரலில் மண்ணடைத்து இறந்தன. குழந்தைகளையும் முதியோரையும் 'புழுதிச் சுரம்' எனப்பட்ட சுவாசநோய் கொண்டுசென்றது. செஞ்சிலுவைச் சங்கம் 1935இல் தற்காலிக மருத்துவ நிலையங்களைத் திறந்தது. பசியும் மூச்சுத்திணறலும் ஒருங்கே தாக்கிய இந்நிலை ஏறத்தாழ பத்தாண்டு நீடித்தது.

4. இடம்பெயர்ந்தோர் யாவர்?

இப்பேரழிவைப் பற்றிய நமது மனப்பதிவு பெரிதும் இரு படைப்புகளால் உருவானது. ஒன்று, 1939இல் வெளிவந்த ஜோன் ஸ்ரைன்பெக்கின் 'த கிரேப்ஸ் ஒவ் றாத்' நாவல். மற்றையது, டொறொத்தியா லாங் 1936இற் கலிபோர்ணியாவில் எடுத்த, பட்டாணி பறிக்கும் தாயொருத்தியின் ஒளிப்படம். இரண்டும் போற்றுதற்குரியன. ஆயினும் வரலாற்று மாணவன் இரண்டையும் உசாவாமல் ஏற்கலாகாது.

நாவலிற் சித்திரிக்கப்படும் குடும்பம் புறப்படுவது ஒக்லகோமாவின் கிழக்கிலுள்ள சலிசோவுக்கு அருகிலிருந்து. அது புழுதிக் கிண்ணத்தின் மையத்துக்கு வெகுதொலைவில் உள்ள பருத்திப் பிரதேசம். 1930களில் ஒக்லகோமா, டெக்சாஸ், ஆர்க்கன்சோ, மிசூரி ஆகிய மாநிலங்களிலிருந்து ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் கலிபோர்ணியா சென்றனர். அவர்களுட் புழுதிக் கிண்ணத்தின் மையப்பகுதியைச் சேர்ந்தோர் மிகச் சிறு பங்கினரே. மையப்பகுதியிற் பெரும்பாலானோர் அரசின் கொடுப்பனவுகளைக் கொண்டு அங்கேயே தாக்குப்பிடித்தனர்.

அங்ஙனமாயின் ஏனையோரை விரட்டியது எது? வறட்சியும் பருத்தி விலையின் வீழ்ச்சியும் ஒருபுறம். மறுபுறம், 1933ஆம் ஆண்டின் விவசாயச் சீராக்கச் சட்டம். விலையை உயர்த்தும் பொருட்டுப் பயிர்ச்செய்கைப் பரப்பைக் குறைப்போருக்கு அச்சட்டம் கொடுப்பனவு வழங்கியது. அது பெரும்பாலும் நிலவுடைமையாளரின் கையையே அடைந்தது. குறைக்கப்பட்ட நிலத்தின் குத்தகைக் குடிகளும் வாரக்குடிகளும் வெளியேற்றப்பட்டனர். கொடுப்பனவாகப் பெற்ற பணத்தில் உழவு யந்திரம் வாங்கப்பட்டபோது எஞ்சியவரும் தேவையற்றவராயினர். இதனை எதிர்த்து 1934இல் ஆர்க்கன்சோவிற் கறுப்பரும் வெள்ளையரும் ஒருங்கிணைந்து தென்பிரதேசக் குத்தகைக் கமக்காரர் சங்கத்தை அமைத்தமை நினைவுகூரத்தக்கது. இம்மக்களை நிலத்தினின்றும் அகற்றியதிற் காற்றுக்கு இருந்த பங்கிலும் நிலவுறவுக்கு இருந்த பங்கே பெரிது. 'புழுதி அகதிகள்' என்ற பெயர் இவ்வுண்மையைப் புழுதியாலேயே மூடிவிடுகின்றது.

ஒளிப்படத்தின் கதை இன்னும் ஆழமானது. அத்தாய் வறட்சிக்கு முன்னரே, 1920களிற் கலிபோர்ணியாவுக்கு வந்தவர். அதுமட்டுமன்றி அவர் செரோக்கி ஆதிக்குடி வழிவந்தவர். நிலத்தை இழந்த வெள்ளைக் கமக்காரரின் துயருக்குச் சின்னமாக உலகம் கொண்டாடிய முகம், அவர்களுக்கு முன்னரே நிலத்தை இழந்த மக்களின் முகமாகும். அதே காலத்திற் கலிபோர்ணியாவின் தோட்டங்களிலிருந்து மெக்சிக்க வழியினர் பெருந்தொகையாக நாட்டைவிட்டு அகற்றப்பட்டனர். 1936இல் லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிசார் மாநில எல்லைகளில் நின்று வறிய வெள்ளையரையும் மறித்தனர். மலிவான உழைப்பு வேண்டப்பட்டது, உழைப்பவர் வேண்டப்படவில்லை.

5. அரசின் பரிகாரம்

புழுதி வாஷிங்டனை எட்டியபின் சட்டமும் விரைந்தது. மண்ணரிப்பை நாட்டின் பேராபத்தென நெடுங்காலமாக எச்சரித்து வந்த ஹியூ ஹமன்ட் பெனற்றின் முயற்சியால் 1935 ஏப்ரல் 27இல் மண்பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, மண்பாதுகாப்புச் சேவை நிலையான திணைக்களமாயிற்று. சமவுயரக் கோட்டுழவு, பட்டிப் பயிர்ச்செய்கை, அறுவடைத் தாளை நிலத்திலேயே விட்டுவைத்தல் முதலிய முறைகள் பரப்பப்பட்டன. 1934 முதல் 1942 வரை இருபத்திரண்டு கோடி மரங்கள் காற்றுத்தடை வரிசைகளாக நடப்பட்டன. சீரழிந்த வயல்கள் சிலவற்றை அரசே வாங்கி மீண்டும் புல்வெளியாக்கியது. இவை பயனற்றன என்பது நேர்மையாகாது.

அரசு நியமித்த பெருஞ்சமவெளிக் குழு 1936 டிசம்பரில் அளித்த அறிக்கை இன்னும் ஒருபடி மேலே சென்றது. இயற்கை வளம் வற்றாதது, உடைமையாளன் தன் உடைமையைத் தான் விரும்பியவாறு பயன்படுத்தலாம், சந்தை முடிவின்றி விரியும் என்பன போன்ற மனப்பாங்குகளையே அழிவின் வேர்களாக அது இனங்கண்டது. ஆனால் நோயை மனப்பாங்கு எனக் கொண்டமையால் மருந்தும் போதனையாகவே அமைந்தது. அம்மனப்பாங்கைத் தோற்றுவிக்கும் கடன், விலை, உடைமை என்னும் உறவுகள் பெரிதும் தீண்டப்படவில்லை.

6. வரலாற்றாசிரியரின் வாதம்

இவ்விடயத்தில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்தில்லை. ஜேம்ஸ் மாலின் 1946இல், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கன்சாஸ் பத்திரிகைகளை ஆதாரமாகக் கொண்டு, உழவு பரவுமுன்னரும் புழுதிப்புயல்கள் எழுந்தன எனக் காட்டினார். 1979இல் இரு நூல்கள் எதிரெதிராக வெளிவந்தன. போல் பொனிஃபீல்ட் சமவெளி மக்களின் உறுதியைப் போற்றி, இயற்கையையும் அரசின் தவறுகளையும் காரணமாக்கினார். டொனால்ட் வூஸ்ரர் முதலாளித்துவப் பண்பாடே அழிவை விளைத்ததென வாதிட்டார். 2004இல் ஹான்சனும் லிபெகாப்பும் காணிகளின் சிறிய அளவே காற்றரிப்புத் தடுப்பைக் கடினமாக்கியதென்றனர். ஒருவர் மண்ணைக் காக்க, அயலவர் காவாவிடில், பயனில்லை. 2005இல் ஜெஃப் கன்ஃபர், உழவு குறைந்த மாவட்டங்களிலும் புழுதி எழுந்ததைச் சுட்டி வறட்சிக்கே முதன்மை அளித்தார். காலநிலை ஆய்வாளரோ வெப்பமண்டலப் பசிபிக்கின் குளிர்ச்சியும் அத்திலாந்திக்கின் வெம்மையும் மழையைத் தடுத்தன என்று விளக்கினர். ஆயின், எழுந்த புழுதி அந்த வறட்சியை மேலும் கடுமையாக்கியதென 2009இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. மனிதர் வறட்சியைத் தொடக்கவில்லை. அதனைப் பேரழிவாக்குவதிற் பங்குகொண்டனர் என்பதே இவற்றின் சாரமெனக் கொள்ளலாம்.

முற்போக்குச் சிந்தனையாளர் எளிதிற் கடந்துபோக முடியாத சான்று ஒன்றும் உளது. தனியுடைமை ஒழிக்கப்பட்ட சோவியத் ஒன்றியத்தில், 1954இல் குருஷேவின் தலைமையிலே 'கன்னிநில' இயக்கம் தொடங்கிற்று. கசாக்ஸ்தானிலும் சைபீரியாவிலும் 1960 அளவில் நான்கு கோடி ஹெக்டயருக்கு மேற்பட்ட புல்வெளி உழப்பட்டது. தொடக்க விளைச்சல்கள் பெருமிதம் தந்தன. 1960களின் முற்பகுதியில் அங்கும் புழுதிப்புயல்கள் எழுந்தன; 1963ஆம் ஆண்டு வறட்சியின்போது சோவியத் அரசு வெளிநாட்டுத் தானியத்தைக் கொள்வனவு செய்தது. தாளை நிலத்திலே விட்டு உழும் முறையை வற்புறுத்திய பராயெவ் என்னும் அறிஞரின் குரல் பின்னரே செவிசாய்க்கப்பட்டது. சந்தை விலைக்குப் பதிலாகத் திட்ட இலக்கு நின்றது. நிலத்துக்கோ இரண்டும் ஒன்றே. எனவே, உடைமைமுறையை மாற்றுவது அவசியமாயினும் அதுவே போதுமானதன்று. நிலத்தின் எல்லையை அறிந்தவரின் சொல், உற்பத்தியைக் கட்டளையிடுபவரைத் தடுக்கக்கூடிய ஏற்பாடு இல்லாதவிடத்து மண்ணுக்குப் பாதுகாப்பில்லை.

7. முடிவாக

1930களின் இறுதியில் மழை மீண்டது. இரண்டாம் உலகப் போருடன் கோதுமை விலையும் மீண்டது, உழவும் மீண்டது. 1950களின் வறட்சியிற் புழுதி மறுபடி எழுந்தது. அதன்பின் பெருஞ்சமவெளியைக் காத்தது பெருமளவிற் புதியதோர் ஒழுங்கன்று. நிலத்தடியிற் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்த ஒகலாலா நீர்ப்படுகையே. ஆழ்கிணறுகளும் சுழல் நீர்ப்பாசன யந்திரங்களும் வறண்ட நிலத்திலே சோளத்தை விளைவித்தன. அந்நீர் ஊறும் வேகத்திலும் இறைக்கும் வேகம் பன்மடங்கு அதிகம். மேற்குக் கன்சாஸிலும் டெக்சாஸிலும் நீர்மட்டம் பெரிதும் தாழ்ந்து, சில இடங்களில் இறைவை இயலாத நிலை தோன்றியுள்ளது. 1985இல் தொடங்கிய ஒதுக்குநிலத் திட்டம் வயல்களைப் புல்லாக்கக் கொடுப்பனவு செய்கின்றது. தானிய விலை உயர்ந்த காலங்களில் அப்புல்லும் மீண்டும் உழப்பட்டது. முன்னர் மண்ணுக்கு நேர்ந்தது இப்போது நீருக்கு நேர்கின்றது.

புழுதிக் கிண்ணத்தைக் கமக்காரரின் அறியாமை என்றும், வானத்தின் சீற்றம் என்றும் விளக்குவோர், அறிந்தே செய்யப்பட்டதொன்றை அறியாமற் செய்யப்பட்டதாக்குகின்றனர். பவல் 1878இலேயே சொல்லியிருந்தார். 1890களின் வறட்சி அதனை மெய்ப்பித்திருந்தது. குறைவாயிருந்தது அறிவன்று, அறிவின்படி நடக்கும் அதிகாரமே. கடனிற் கட்டுண்ட கமக்காரனிடம் அது இருக்கவில்லை. கடன்கொடுத்தவனுக்கு அது தேவைப்படவில்லை. மழை பெய்யாமை ஒரு செய்தி. நிலம் பாலையாதல் ஒரு தீர்ப்பு. அத்தீர்ப்பை எழுதியவர் யார், அனுபவித்தவர் யார் என்று கேட்பதே வரலாற்றின் பணி. பாலையைப் பாடுமிடத்து முறைதவறிய ஆட்சியை நினைவூட்டிய புலவன் நமக்கு விட்டுச்சென்ற வினாவும் அதுவேயாகும்.